விசைப்பலகை யாருக்கு உரியது?

தட்டச்சுப் பொறியில் ஒரு சமயத்தில் ஒரு தாள்தான் இருக்கும். விசையை அழுத்தினால் எழுத்து அந்தத் தாளில்தான் விழும். யாரேனும் அருகில் வந்து, தாளை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினாலன்றி இந்த ஒழுங்கு மாறுவதற்கு இடமில்லை. தட்டச்சுக் கல்வி முழுவதும் இந்த நம்பிக்கையின் மேல்தான் நின்றது. கண் மூலப் பிரதியின்மேல் இருக்கவேண்டும். விரல்களையும் பார்க்கலாகாது, தாளையும் பார்க்கலாகாது என்பதே பயிற்சிக்கூடங்களில் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். அந்தப் பாடத்தைக் கற்றுத் தேறித்தான் தில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தமிழர்கள் ஒரு காலத்தில் கூட்டங்கூட்டமாக உத்தியோகத்திற்குச் சென்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அதே நகரங்களில் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கிறார்கள். பொறி மாறிவிட்டது, கண் ஒருபுறமும் விரல் ஒருபுறமுமாக வேலை செய்யும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

கணிப்பொறித் திரையில் ஒரு தாளுக்குப் பதில் பல தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில், 1973-இல் உருவான ஆல்டோ என்ற பொறியை வைத்துக்கொண்டு நடந்த ஆராய்ச்சிகளில்தான் இந்த அமைப்பு உருப்பெற்றது. 1984-இல் வந்த மெக்கின்டாஷ் அதனைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் விண்டோஸ் 1985-இல் முதன்முதலில் வெளிவந்தபோது சாளரங்கள் தரையில் பதித்த கற்களைப் போலப் பக்கம் பக்கமாக மட்டுமே நின்றன. 1987-இல் வந்த இரண்டாவது பதிப்பில்தான் அவை ஒன்றையொன்று மறைக்கக் கற்றுக்கொண்டன. சாளரங்கள் எத்தனையாயினும் விசைப்பலகை ஒன்றுதான். ஆகவே, அழுத்தப்படும் ஒவ்வொரு விசையும் இக்கணத்தில் எந்தச் சாளரத்திற்குச் சேரவேண்டும் என்பதைப் பொறி தீர்மானித்தே ஆகவேண்டும்.

இவ்வாறு விசைகளைப் பெறும் தகுதியை ஆங்கிலத்தில் ஃபோகஸ் என்பர். கலைச்சொல் தொகுதிகளில் அதற்குக் 'குவியம்' என்ற சொல் காணப்படுகிறது. பூதக்கண்ணாடிக்குப் பொருந்தும் அந்தச் சொல் விசைப்பலகைக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை என்பது என் அபிப்பிராயம். இங்கே எதுவும் ஒரு புள்ளியில் குவியவில்லை. ஒரு சாளரத்திற்கு ஓர் உரிமை வழங்கப்படுகிறது, அவ்வளவே. ஆதலால் இக்கட்டுரையில் அதனை 'விசையுரிமை' என்று சொல்லிச் செல்கிறேன்.

திறந்து கிடக்கும் சாளரங்களுள் ஒன்றை நாமே சுட்டியால் தொட்டு எழுப்பும்போது சிக்கல் ஏதுமில்லை. தொட்டது எதுவோ அதற்கு விசையுரிமை. யூனிக்ஸ் வகைப் பொறிகளில் சிலர் தொடக்கூட வேண்டாம், சுட்டியின் அம்பு எந்தச் சாளரத்தின்மேல் நிற்கிறதோ அதற்கே உரிமை என்று அமைத்துக்கொள்வர். அது பழக்கத்தைப் பொறுத்த விஷயம். சங்கடம் எழுவது வேறிடத்தில்: இதுவரை இல்லாத ஒரு சாளரம், புதிதாகத் திறக்கும் ஒரு செயலியின் சாளரம், திரையில் தோன்றும் கணத்தில்.

ஒரு செயலியைத் திறக்குமாறு கட்டளையிடுகிறோம். சிறிய செயலி இமைப்பொழுதில் வந்துவிடுகிறது. பெரிய செயலியோ வட்டில் இருக்கும் தன் சாமான்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து நினைவகத்தில் பரப்பிக்கொண்டு எழுந்து வரச் சில விநாடிகள் ஆகின்றன. வயதான அலுவலகப் பொறியாயின் அரை நிமிஷமும் ஆகலாம். அந்த அவகாசத்தில் சும்மா இருப்பவர் யார்? திறந்திருக்கும் கடிதத்திற்குத் திரும்பி விட்ட வாக்கியத்தைத் தொடர்கிறோம். வாக்கியம் நடுவில் இருக்கும்போது, அழைத்ததையே நாம் மறந்துவிட்ட அந்தச் செயலி திடுமென்று முன்னால் வந்து நிற்கிறது. விரல்கள் ஓடிக்கொண்டிருந்த வேகத்தில் மேற்கொண்டு அழுத்திய விசைகள் எல்லாம் அதற்குள் போய் விழுகின்றன.

போனது நாலு எழுத்துத்தானே என்று கேட்கலாம். எழுத்து மட்டும் போனால் பாதகமில்லை. விசைப்பலகையில் எழுத்தல்லாத விசைகளும் உண்டு. ஒரு கேள்விப் பெட்டி முன்னால் வந்து நிற்கும்போது, பத்தி முடிவில் அழுத்திய என்டர் விசை 'சம்மதம்' என்று பொருள்பட்டுவிடுகிறது. இரண்டு சொற்களுக்கு இடையே விட்ட இடைவெளி, எந்தப் பொத்தானின்மேல் கோடு நிற்கிறதோ அந்தப் பொத்தானை அழுத்திவிடுகிறது. பெட்டி எதைக் கேட்டது, நாம் எதற்கு இசைந்தோம் என்று படிப்பதற்குள் அது மறைந்தும் போகிறது. கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டிருக்கும்போது ஓர் அரட்டைச் சாளரம் முன்னால் வந்தாலோ, புள்ளிகளாக மறைந்திருக்கவேண்டிய எழுத்துக்கள் வெட்டவெளியில் பதிந்து, கையோடு என்டர் விசையும் அழுத்தப்பட்டு, பத்துப் பேர் பார்க்கும்படி போய்ச் சேர்ந்துவிடும்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இந்த அபாயம் ஒரு படி கூடுதல். 1999-இல் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை எடுத்துக்கொள்வோம். அதில் 'அம்மா' என்று எழுத நாம் அழுத்துவன, ஆங்கில எழுத்துக்களாகச் சொன்னால், ஏ, கே, கே, க்யூ என்பவை. விண்டோஸ் எட்டாம் பதிப்பு வரும்வரை, உள்ளீட்டு மொழி சாளரத்திற்குச் சாளரம் தனித்தனியாக இருந்தது; இன்றும் விரும்பினால் அவ்வாறு அமைத்துக்கொள்ளலாம். அந்த அமைப்பில் கடிதச் சாளரம் தமிழில் இருக்க, புதிதாக வந்த சாளரம் ஆங்கிலத்தில் திறக்கும். அம்மா அங்கே உருத்தெரியாத நான்கு எழுத்தாகிவிடுகிறாள். இதுவும் போகட்டும். தமிழ்99-இல் 'ள' இருக்கும் விசை ஆங்கிலத்தின் ஒய். 'ல' இருக்கும் விசை ஆங்கிலத்தின் என். ஆங்கிலக் கேள்விப் பெட்டிகளில் 'யெஸ்' என்பதற்கும் 'நோ' என்பதற்கும் குறுக்கு வழியாக வைத்திருக்கும் எழுத்துக்கள் இவ்விரண்டுமே. 'அவர்கள்', 'நாங்கள்', 'கடிதங்கள்' என்று பன்மையில் முடியும் சொல் வராத தமிழ்ப் பத்தி ஏது? ஒவ்வொரு பன்மையிலும் ஒரு சம்மதம் மறைந்திருக்கிறது.

மூலத்தைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்கிறவர் இதனைக் கவனிப்பதற்கே சில விநாடிகள் ஆகும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் இதனை நன்கு அறிவர். கண் இந்தி மூலத்திலோ ஆங்கில மூலத்திலோ இருக்கும். மனம் வினைமுற்றைத் தேடிக்கொண்டிருக்கும். திரையை நிமிர்ந்து பார்க்கும்போது, அரும்பாடுபட்டுப் பிடித்த வாக்கியத்தின் பிற்பாதி இருக்கவேண்டிய இடத்தில் இராது. திரும்ப எழுதும்போது அதே வாக்கியம் வருவதில்லை.

சரி, புதிதாக வரும் எந்தச் சாளரத்திற்கும் விசையுரிமை கொடுக்காமல் விட்டுவிட்டால் என்ன? அதுவும் சரிப்படாது. கணக்கிடும் செயலியைத் திறந்து, உடனே எண்களைத் தட்டத் தொடங்குகிறவர் அந்த எண்கள் அதில்தான் விழவேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அவரை ஒவ்வொரு முறையும் சுட்டியை எடுத்துப் புதிய சாளரத்தைத் தொட்டுவிட்டு வா என்பது, வீட்டுக்கு அழைத்த விருந்தினரை வாசலிலேயே நிறுத்திப் பெயர் கேட்பது போன்றது. மின்னஞ்சலில் உள்ள ஓர் இணைப்பைத் தொடுகிறோம். உலாவி அந்தப் பக்கத்தைத் திறந்தும் விடுகிறது, ஆனால் மின்னஞ்சலுக்குப் பின்னால் மறைவாக. ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணி மறுபடியும் மறுபடியும் தொடுகிறோம். கடைசியில் பின்னால் போய்ப் பார்த்தால் அதே பக்கம் ஐந்து முறை திறந்திருக்கிறது. முன்வந்து தொல்லை கொடுப்பதைப் போலவே பின்தங்கி ஏமாற்றுவதும் குற்றந்தான்.

ஆகவே 'கொடு' என்பதும் விதியாகாது. 'கொடாதே' என்பதும் விதியாகாது. பயனாளரின் மனத்தில் இருப்பதைப் பொறி அறியமாட்டாது. அறியக்கூடியது ஒன்றே ஒன்று: அவர் கடைசியாகச் செய்த காரியம் எது என்பது. செயலியைத் திறக்கச் சொன்னதே கடைசிக் காரியமாக இருந்து, அதன்பின் அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தால், வருகிற சாளரம் அவர் எதிர்பார்த்ததுதான், விசையுரிமை அதற்கே. கட்டளைக்குப் பின்னர் வேறொரு சாளரத்தில் ஒரு விசையையேனும் அழுத்தியிருந்தால், அவருடைய வேலை இடம் மாறிவிட்டது. புதிய சாளரம் வந்த செய்தியைத் தெரிவித்துவிட்டு ஒதுங்கி நிற்கவேண்டும். உரிமையைத் தருவது பயனாளரின் செய்கை. செயலியின் விருப்பம் அன்று. இந்த முடிவுக்கு இயங்குதளங்களை ஆக்கியவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனி வழியில், சற்றுத் தாமதமாகவே வந்து சேர்ந்தார்கள்.

விண்டோஸ் 95-இல் எந்தச் செயலி வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் தன் சாளரத்தை முன்னால் கொண்டுவந்து நிறுத்தலாம். செயலியை எழுதிய ஒவ்வொருவருக்கும் தம்முடையதே முக்கியம் என்ற எண்ணம் இயல்பு. எல்லோரும் அந்த உரிமையைப் பிரயோகித்தார்கள். விண்டோஸ் 98-இலும் விண்டோஸ் 2000-இலும் இதற்குக் கட்டுப்பாடு வந்தது. ஏற்கெனவே முன்னால் இருக்கும் செயலி, அது தொடங்கிவைத்த செயலி, பயனாளரின் கடைசி விசையையோ சுட்டியின் அழுத்தத்தையோ பெற்ற செயலி ஆகியன போன்ற சிலவற்றுக்கே முன்வரும் உரிமை என்று வகுக்கப்பட்டது. மற்றவை கேட்டால், திரையின் அடியில் உள்ள பட்டையில் அவற்றின் பொத்தான் மின்னும், அவ்வளவுதான். பயனாளர் சிறிது நேரம் எதையும் தொடாதிருந்தால் இந்தத் தடை தளர்ந்துவிடும். அந்தச் சிறிது நேரத்திற்கு ஓர் அளவும் வைத்தார்கள்: 2,00,000 மில்லி விநாடி, அதாவது 200 விநாடி. முன்வரும் உரிமை உடைய செயலி தன் உரிமையை இன்னொன்றுக்கு விட்டுக்கொடுக்கவும் வழி செய்யப்பட்டது.

தடை வந்தவுடன் தடையைத் தாண்டும் உபாயமும் வந்தது. ஆல்ட் விசையைப் பயனாளரே அழுத்தியதுபோலச் செயலியே ஒரு பாவனை செய்வது அவற்றுள் ஒன்று. கடைசி விசையைப் பெற்றவன் நானே என்று பொய்ச்சாட்சி சொல்லும் வித்தை இது. இன்றும் சில செயலிகள் இதனைக் கையாளுகின்றன. இதற்கு இயங்குதளத்தைக் காட்டிலும் செயலியை எழுதியவர்களையே நான் குறை சொல்வேன்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் 1984-இல் தொடங்கிய எக்ஸ் என்னும் சாளர அமைப்பு, லினக்ஸ் பொறிகளில் நெடுங்காலம் கோலோச்சியது. அதில் ஒரு நல்ல வசதி உண்டு. அழுத்தப்படும் ஒவ்வொரு விசைக்கும் ஒரு நேரக்குறிப்பு, மில்லி விநாடிக் கணக்கில், பதிவாகிறது. இதனைக் கொண்டு பின்னாளில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒரு செயலியைத் திறக்கக் கட்டளையிட்ட நேரம் அந்தச் செயலியின் கையில் எழுதிக் கொடுக்கப்படும். அது சாளரத்தைத் திறக்கும்போது அந்த நேரத்தைக் காட்டவேண்டும். சாளரங்களை நிர்வகிக்கும் பகுதி, தற்போது வேலை நடக்கும் சாளரத்தில் கடைசியாக விசை அழுத்திய நேரத்தோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கும். கட்டளை பிந்தியதாயின் புதிய சாளரத்திற்கு விசையுரிமை. விசை பிந்தியதாயின் இல்லை. தனக்கு முன்வரும் எண்ணமே கிடையாது என்று கருதும் செயலி, நேரத்திற்குப் பதில் பூஜ்யத்தைக் காட்டலாம். இப்படிப்பட்ட கண்ணியமுள்ள செயலிகளும் உலகத்தில் உண்டு.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை ஒன்று உள்ளது. நேரத்தைச் சொல்லுவது செயலிதான். அது மாற்றிச் சொன்னால் கண்டுபிடிப்பது கடினம். எக்ஸ் அமைப்புக்கு மாற்றாக 2008-இல் தொடங்கிய வேலண்ட் என்னும் புதிய அமைப்பு இந்த ஓட்டையை அடைக்க முயன்றது. அதில் எந்தச் செயலியும் தானாக விசையுரிமையை எடுத்துக்கொள்ள இயலாது. தலைநகரிலே அரசாங்கக் காரியாலயம் எதற்குள் போவதானாலும் வாயிலில் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும் என்பதை அங்கே வசிக்கும் நேயர்கள் அறிவார்கள். உள்ளே இருக்கும் அதிகாரி சொல்லியனுப்பினால்தான் சீட்டு கிடைக்கும். வேலண்ட் முறையும் ஏறக்குறைய இதுவே. நாம் வேலை செய்துகொண்டிருக்கும் செயலி, நாம் அழுத்திய இன்ன விசையின் பேரில் என்று சொல்லி ஒரு சீட்டைக் கேட்டு வாங்கி, திறக்கப்போகும் செயலியிடம் கொடுக்கிறது. புதிய செயலி அந்தச் சீட்டை நீட்டினால், அது செல்லுமா, காலங்கடந்ததா என்று பார்த்து நிர்வாகப் பகுதி முடிவு செய்கிறது. சீட்டை அச்சிடுவது நிர்வாகம். ஆகவே செயலி பொய் சொல்லுவதற்கு இடமில்லை. இதற்கான பொது விதிமுறை 2021-இல் வகுக்கப்பட்டது. ஆப்பிள் கம்பெனியும் 2023-இல் வந்த தன் சொனோமா பதிப்பில், முன்னால் இருக்கும் செயலி மனமுவந்து வழிவிட்டால்தான் மற்றது முன்வரலாம் என்ற வகையில் விதியை மாற்றியது.

செயலிகள் திறக்கும் விதத்திலும் ஒரு குறையைச் சொல்லவேண்டும். ஒரு கட்டளைக்கு ஒரு பிரவேசம் என்பதுதான் முறை. பெரிய செயலிகள் பலவற்றில் முதலில் கம்பெனியின் சின்னத்தைத் தாங்கிய முகப்புப் பலகை வருகிறது. அது போனபின் சாளரம் வருகிறது. அதன்மேல் இன்றைய யோசனை என்று ஒரு பெட்டி. அதனை மூடினால் புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்ளலாமா என்று இன்னொரு பெட்டி. நாடக மேடையில் கட்டியங்காரன், சூத்திரதாரி, விதூஷகன் எல்லோரும் வந்துபோன பின்தான் ராஜா வருவதைப் போன்ற ஏற்பாடு. ஒவ்வொரு வருகையின்போதும் விசையுரிமை கைமாறினால், ஒரே கட்டளைக்கு நாலு முறை இடையூறு. நடுவில் நாம் கடிதத்திற்குத் திரும்பிவிட்டால், முதல் வருகைக்குக் கொடுத்த சம்மதம் மற்றவற்றுக்கு நீளாது என்று கொள்வதே நியாயம்.

நாம் வேலை செய்யும் செயலியே கேள்வி கேட்டுப் பெட்டி திறந்தால் அதற்கு விசையுரிமை தராமல் முடியாது. அங்கே வேறு விதமான காப்பு தேவை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் ஒரு துணைநிரலை ஏற்றிக்கொள்ளச் சம்மதம் கேட்கும் பெட்டி வந்தால், சம்மதப் பொத்தான் சிறிது நேரம் உயிரற்றுக் கிடக்கும்படி செய்தார்கள். தட்டிக்கொண்டிருந்த விரல் ஓய்ந்து, கண் நிமிர்ந்து, பெட்டியில் உள்ளதைப் படிப்பதற்கு அந்த அவகாசம் போதும். அதனைத் தாமதம் என்று நொந்துகொண்டவர்கள் உண்டு. காரணம் அறிந்தவர்கள் நொந்துகொள்ளமாட்டார்கள். விண்டோஸில் நிர்வாக உரிமை கேட்கும் பெட்டி, பயனாளர் முன்னால் வைத்திருக்கும் செயலியிடமிருந்து வராவிட்டால், நேரே திரைக்கு வராமல் அடிப்பட்டையில் மின்னிக்கொண்டு காத்திருக்கும். இதுவும் அதே எச்சரிக்கைதான்.

விசையுரிமை மறுக்கப்பட்ட சாளரம் தன் வருகையை எவ்வாறு தெரிவிப்பது? விண்டோஸில் பொத்தான் மின்னுகிறது; மெக்கின்டாஷில் சின்னம் துள்ளுகிறது; குனோம் அமைப்பில் இன்னது தயாராக உள்ளது என்று சிறு அறிவிப்பு வருகிறது. மூன்றுள் நான் மூன்றாவதையே விரும்புவேன். மின்னுவதும் துள்ளுவதும் கண்ணுக்கு மட்டுமே உரிய அறிவிப்புக்கள். கட்புலனற்றவர்கள் திரையை வாசித்துக் காட்டும் செயலியின் துணையோடு வேலை செய்கிறார்கள். இலவசமாகவே கிடைக்கும் என்விடிஏ நம் நாட்டிலும் வழங்குவது. அவர்களுக்கு விசையுரிமைதான் கண். உரிமை எங்கே போகிறதோ அங்கே குரலும் போகும். சொல்லாமல் உரிமை கைமாறினால், கேட்டுக்கொண்டிருந்த வாக்கியம் அறுந்து, புதிய சாளரத்தின் பெயர் காதில் விழும். புதிய சாளரம் ஓசையின்றி ஒதுங்கினாலோ, அது வந்ததே தெரியாது. எழுத்தில் எழுதிய அறிவிப்பாயின் குரல் அதனை வாசித்துவிடலாம்.

எல்லா விதிகளுக்கும் பிறகும் சந்தேகம் மிஞ்சும் ஓர் இடம் உண்டு. நேரக்குறிப்பையும் காட்டாமல் சீட்டையும் நீட்டாமல் வந்து நிற்கும் பழைய செயலிகளை என்ன செய்வது? லினக்ஸில் வழங்கும் கேடிஇ மேசையில் இதற்கு ஐந்து படிகள் வைத்திருக்கிறார்கள். தடையே இல்லாதது முதற்படி. எதுவும் தானாக முன்வரவே கூடாது என்பது கடைசிப் படி. நடைமுறையில் கவனிக்கவேண்டியவை இரண்டாவதும் மூன்றாவதும். 'குறைவு' என்னும் இரண்டாம் படியில், தீர்மானிக்கமுடியாத சந்தேகம் வந்தால் புதிய சாளரத்திற்குச் சாதகமாகத் தீர்ப்பு. 'நடுத்தரம்' என்னும் மூன்றாம் படியில், அதே சந்தேகத்தில் நாம் எழுதிக்கொண்டிருக்கும் சாளரத்திற்குச் சாதகமாகத் தீர்ப்பு. பெரும்பாலும் இரண்டாம் படியிலேயே பொறி நம் கைக்கு வருகிறது. நாள் முழுவதும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் சாளரங்களின் நடத்தை பற்றிய அமைப்புப் பக்கத்தைத் திறந்து மூன்றாம் படிக்கு மாற்றிக்கொள்வது நலம். பழைய செயலிகளைத் திறக்கும்போது சில சமயம் அவை பின்னால் போய் நிற்கும். ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு டேப் விசையை ஒருமுறை தட்டினால் முன்னால் வந்துவிடும்.